வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு பின்கட்டு

டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டு அகலமான சாலை. இருபுறமும் மாடி வைத்த பழைய வீடுகள். சில கட்டடங்கள் தள்ளி ஓர் ஈமச்சடங்கு நிலையம் இருக்கிறது. 2648 என்று எண் போட்ட வெள்ளை வீட்டின் நெற்றியில் நீல எழுத்தில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று மட்டும் எழுதியிராவிட்டால், யாரோ ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார் என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

1959இல் பெர்ரி கோர்டி என்ற இளைஞர், குடும்பத்தாரின் கூட்டுச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய மோடவுன் கம்பெனியின் முதல் தலைமையகம் இது. அதற்கு முன் போட்டோ ஸ்டுடியோவாக இருந்த வீடு. கோர்டி பின்கட்டை ஒலிப்பதிவுக்கூடமாக்கிவிட்டு மாடியில் குடும்பத்தோடு குடியேறினார். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், சிறுவன் ஸ்டீவி வொண்டர் எல்லோருடைய குரலும் இந்தப் பின்கட்டிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. 1985இல் கோர்டியின் அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் வீட்டை அருங்காட்சியகமாக்கினார்.

கூட வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மைக்கேல் ஜாக்சனின் கையுறையையும் தொப்பியையும் பார்க்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு ஆல்பம் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1971 மே மாதம் வெளிவந்தது. ஒன்பது பாட்டு, சுமார் முப்பத்தைந்து நிமிடம். சோல் இசை, ஜாஸ், தேவாலயப் பாட்டு, சிம்பனி வயலின்கள், லத்தீன் தாளம் எல்லாம் அதில் ஒன்றாக ஓடுகின்றன; எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று காது பிரித்துச் சொல்லாது. 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தன் 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதை முதலிடத்தில் வைத்தது. பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். மூன்று நிமிட ஹிட் பாட்டை அச்சு பிசகாமல் வார்த்துத் தள்ளிய தொழிற்சாலையிலிருந்து இது எப்படி வெளியே வந்தது?

தொழிற்சாலை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோர்டி லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் அசெம்ப்ளி லைனில் நின்றவர். ஒரு முனையில் வெறும் சட்டமாக உள்ளே போவது மறுமுனையில் பளபளவென்று காராக வருவதைப் பார்த்து, பாடகர்களையும் அப்படித் தயாரிக்கலாம் என்று நினைத்தார். பாட்டு எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, நடை உடை பாவனை சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா. வெள்ளிக்கிழமை காலைகளில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். பையில் கடைசி டாலர் இருக்கிறது, பசிக்கிறது, இந்த ரெக்கார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? அதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. மிக்சிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கார் ரேடியோவில் இருப்பது போன்ற சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். டெட்ராய்ட்டில் ஜனங்கள் பாட்டு கேட்பது காருக்குள்தானே.

மாடியில் ஓரிடத்தில் எங்களை நிறுத்திய வழிகாட்டிப் பெண் மேலே கை காட்டினார். கூரையில் ஒரு பொந்து. கைதட்டச் சொன்னார். தட்டினோம். சத்தம் மேலே போய், கொஞ்சம் பருத்து, தாமதமாகத் திரும்பி வந்தது. மோடவுனின் எக்கோ சேம்பர் இதுதான். கீழே பாடிய குரலை மேல்தளத்து வெற்று அறையில் ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அங்கே தொங்கும் மைக்கில் அதன் எதிரொலியை மறுபடி பிடித்து, பாட்டோடு கலந்துவிடுவார்கள். இன்று கைபேசிச் செயலியில் விரலால் தள்ளினால் வரும் சங்கதிக்கு அன்று வீட்டின் பரணே கருவி. குழுவில் இருந்த ஒரு பாட்டி அந்தப் பொந்துக்குக் கீழே நின்று நாலு வரி பாடிக் காட்டினார். எங்கள் எல்லோரையும் விட எதிரொலிக்கே அது பிடித்திருந்தது போலிருந்தது.

சுவரில் கேயின் படங்கள். பத்திரிகை அட்டைக்கு ஏற்ற அழகர். ஆனால் 1970 தொடக்கத்தில் அவர் பாடவே மனமில்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தார். ஜோடிப் பாட்டுகளில் அவரோடு பாடிய டாமி டெரல், மூளைக் கட்டியால் அந்த மார்ச்சில் இறந்துபோனார். தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து எழுதிய கடிதங்களும், திரும்பி வந்து சொன்ன கதைகளும் மனத்தைக் குடைந்தன. மனைவி அன்னா, முதலாளி கோர்டியின் இன்னொரு அக்கா. கேயைவிடப் பதினேழு வயது மூத்தவர். அந்த மணவாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. பாட்டை விட்டுவிட்டுக் கால்பந்து ஆடப்போகிறேன் என்று டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் சேரப் பயிற்சி எடுத்தார் மனிதர். அமெரிக்கக் கால்பந்து, எலும்பை முறிக்கிற ஆட்டம். அணி நல்லவேளையாக மறுத்துவிட்டது.

பாட்டு அவரைத் தேடி வந்தது. ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சன் 1969 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில், மக்கள் பூங்காவில் கூடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதைப் பார்த்தார். அந்தக் கலக்கத்தில் முளைத்த மெட்டை ஆல் கிளீவ்லண்டோடு சேர்ந்து பாட்டாக்கினார். அவருடைய சொந்தக் குழுவே, எதிர்ப்புப் பாட்டெல்லாம் நமக்கு எதற்கு என்று தள்ளிவிட்டது. கடைசியில் கேயிடம் வந்தது. அவர் சொற்களிலும் மெட்டிலும் கைவைத்து அதைத் தனதாக்கிக்கொண்டார். வேறு குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். நீயே பாடு என்று பென்சன் பிடிவாதம் பிடித்தார்.

மாடியிலிருந்து இறங்கி ஒரு நடை கடந்தால் கண்ட்ரோல் ரூம். ஆறேழு பேர் நின்றாலே தோள் இடிக்கும். மிக்சிங் மேஜைக்குக் கீழே தரையைப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. அங்கே உட்கார்ந்தவர்கள் காலால் தாளம் போட்டுப் போட்டு, மேலே ஒட்டிய ஓடு தேய்ந்து கீழ்ப்பலகை தெரிகிறது. ஒரு நாளைக்கு 22 மணி நேரம் வேலை நடந்த இடம். கையுறையைவிட எனக்கு இந்தத் தேய்மானம் பெரிதாகப் பட்டது.

அந்த ஆல்பத்தின் குரல் சங்கதி ஒன்றுக்கும் ஒலிப்பதிவு மேஜைதான் மூலம். கே ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட, இரண்டையும் ஒரு டேப்பில் தனித்தனியாகக் கேட்கும்படி எடுத்துவரச் சொன்னார். பொறியாளர் கென்னத் சாண்ட்ஸ் போட்டுக் காட்டியபோது இரண்டு குரலும் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒரு கே கெஞ்சலாகப் பாடுகிறார், இன்னொரு கே அவருக்குப் பக்கத்திலேயே வேறு அழுத்தத்தில் பதில் சொல்கிறார். அப்படியே வைத்துக்கொள் என்றார். அதற்குப் பிறகு தன்னோடு தானே பேசும் இந்த முறை அவருடைய கையெழுத்தாகிவிட்டது. ‘சேவ் த சில்ரன்’ பாட்டில் ஒரு குரல் வெறுமனே பேசுகிறது, மறு குரல் அதையே பாடுகிறது. உபதேசியின் பிள்ளைக்கு இது புதிதில்லை. கேயின் அப்பா வாஷிங்டனில் ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபையின் போதகர்.

கண்ணாடி ஜன்னலைத் தாண்டிச் சில படி இறங்கினால் ஸ்டூடியோ ஏ. வாத்தியக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பாம்புக் குழி’. கூரையிலிருந்து கேபிள்கள் அப்படித் தொங்கும். நம்மூர் ரெக்கார்டிங் தியேட்டர்களை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி மேடையை இதற்குள் போட்டால் மிருதங்கக்காரர் வெளியேதான் உட்கார வேண்டும். 1877இல் செய்த ஸ்டெயின்வே பியானோ ஓரமாக நிற்கிறது. பாழடைந்து கிடந்ததைப் பால் மெக்கார்ட்னியின் உதவியோடு சரிசெய்து வைத்திருக்கிறார்கள். கிதார், பேஸ் வாசித்தவர்கள் தனித்தனி ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளவில்லை. ஒயரை நேரே மேஜைக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஒரே ஸ்பீக்கரில் தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் மற்றவர் காது அடைத்துப்போகும், அதனால் யாரும் கூட்டவில்லை.

வழிகாட்டி எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தி டெம்ப்டேஷன்ஸ் பாட்டு ஒன்றுக்குக் கை, கால் அசைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆடினேன். என் பங்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண் முழுக்க ட்ரம்ஸ் இருந்த மூலையில்தான் இருந்தது. மார்வின் கே மோடவுனுக்கு வந்த புதிதில் அங்கே உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசித்தவர். மார்வெலெட்ஸ் குழுவின் முதல் பெரிய ஹிட் ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ பாட்டில் தாளம் அவருடையது. அதே 1961இல் அவருடைய முதல் ஆல்பமும் வந்தது. பழைய ஜாஸ் பாட்டுகளை நாட் கிங் கோல் மாதிரி நிதானமாகப் பாடியிருந்தார், விற்கவில்லை. கோர்டிக்கும் இந்தக் காயம் உண்டு. மோடவுனுக்கு முன்பு அவர் நடத்தியது ஜாஸ் ரெக்கார்டு கடை. அதை இழுத்து மூடினார். ஆக, ஜாஸால் கைசுட்டுக்கொண்ட இரண்டு பேர் நடத்திய இடம் இது.

இங்கே தினமும் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக்காரர்களும் ஜாஸ்காரர்கள். பகலில் இந்தக் குழியில் ஹிட் பாட்டுக்கு வாசித்துவிட்டு, ராத்திரி கிளப்களில் மனம்போல ஜாஸ் வாசித்தார்கள். வயலின் வேண்டுமென்றால் டெட்ராய்ட் சிம்பனியிலிருந்து, அதன் முதல் வயலின்காரர் கோர்டன் ஸ்டேப்பிள்ஸ் தலைமையில் ஆட்கள் வருவார்கள். பாடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தொண்டை திறந்தவர்கள். அதாவது, இந்த ஆல்பத்தில் கலந்த அத்தனை இசையும் பத்து வருஷமாக இந்த அறைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. மூன்று நிமிடத்துக்குத் தேவையானதை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் அங்கே விதி. கே செய்தது, கழற்ற வேண்டாம் என்று சொன்னது. இன்றைக்கு ‘ஃப்யூஷன்’ என்று போஸ்டர் அடிப்பவர்கள் பலர் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒருவரையொருவர் அறியாதவர்களை ஒரு மேடையில் உட்காரவைத்துவிட்டு, கலந்துவிட்டது என்கிறார்கள்.

1970 ஜூனில், பென்சன் கொண்டுவந்த அந்த முதல் பாட்டு பதிவானபோது நடந்தவற்றைப் படித்துவிட்டு இந்த அறையில் நின்றால், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கண்ணில் படுகிறது. பாட்டு தொடங்குவது ஆல்டோ சாக்ஸபோனில். எலி ஃபவுண்டன் வந்து உட்கார்ந்து, வாத்தியத்தைச் சூடேற்றச் சும்மா ஊதிப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் கே. நான் விளையாட்டுக்கல்லவா ஊதினேன் என்று அவர் சொல்ல, அந்த விளையாட்டே அற்புதம் என்று பதில். சாக்ஸபோனோடு கேட்கும் பேச்சுச் சலசலப்பில் லயன்ஸ் அணியின் மெல் ஃபாரும் லெம் பார்னியும் இருக்கிறார்கள். தன்னைச் சேர்த்துக்கொள்ளாத அணியின் ஆட்டக்காரர்களைத் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டார்.

பேஸ் கிதாருக்கு ஜேம்ஸ் ஜேமர்சன்தான் வேண்டும் என்று கே ஒற்றைக்காலில் நின்றார். ஜேமர்சன் பேஸ் கம்பிகளை மாற்றவே மாட்டார், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் சுண்டுவார். அந்த ஒரு விரலில் மோடவுனின் பாதி வருமானம் இருந்தது என்றால் மிகையில்லை. அன்று ஆள் அகப்படவில்லை. தேடிப்போய் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்தார். தரையில் மல்லாந்து படுத்தார், வயிற்றின் மேல் பேஸை வைத்துக்கொண்டார், அரேஞ்சர் டேவிட் வான் டெபிட் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்து முடித்தார். அந்த பேஸைத் தனியாகக் காதில் பிடித்துக் கேட்டிருக்கிறேன். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு நடக்கிறது, மேலே இருப்பதற்குப் பக்கபலமாகவும் கொஞ்சம் குறும்பாகவும். வீட்டுக்குப் போய் மனைவியிடம், இன்று வாசித்தது காலத்துக்கும் நிற்கும் என்கிற பொருளில் ஏதோ சொன்னாராம்.

கோர்டிக்குப் பாட்டு பிடிக்கவில்லை. தான் கேட்டதிலேயே மோசமானது என்றார். ஜாஸ் வாடை, அரசியல், விற்காது. கே வேலைநிறுத்தம் செய்தார்: இது வெளிவராமல் இனி ஒன்றும் பாட மாட்டேன். கம்பெனியில் இருந்த ஹேரி பால்க்கும் பார்னி ஏல்ஸும் 1971 ஜனவரியில் முதலாளிக்குத் தெரியாமல் ஒரு லட்சம் பிரதி அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அவை விற்றுத்தீர, மேலும் ஒரு லட்சம் போட வேண்டியிருந்தது. கோர்டி கேயின் வீட்டுக்கே காரோட்டிப் போய், மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுத்தால் நீ விரும்பியபடி முழு ஆல்பம் செய்துகொள் என்றார். வியாபாரி, அடம்பிடித்தாலும் கணக்கு தெரிந்தவர்.

மார்ச்சில் பத்துப் பன்னிரண்டு நாளில் அடிப்படைப் பதிவுகள் முடிந்தன. கேவுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பியானோவில் காட்டுவார், வாயால் பாடிக் காட்டுவார், வான் டெபிட் எழுதிக்கொள்வார். ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு முடிந்து, முதல் பக்கம் முழுவதும் நிறுத்தாமல் ஓடவிட்டவர்கள் இந்த இருவர்தான். போரிலிருந்து திரும்பும் தம்பி, போதை ஊசியில் மிதப்பவன், பிள்ளைகள், கடவுள், மீன்களில் பாதரசம் என்று பேச்சு மாறுகிறது, தாளம் மாறவே இல்லை என்பது போல ஒரு மயக்கம். ‘மெர்ஸி மெர்ஸி மீ’ பாட்டின் முடிவில் வரும் டெனர் சாக்ஸபோன் வைல்ட் பில் மூர் ஊதியது. 1940களில் ஆட்டம் போடவைக்கும் ப்ளூஸ் ரெக்கார்டுகள் கொடுத்தவர். சுற்றுச்சூழலைப் பற்றிய பாட்டுக்கு அவரைக் கூப்பிட யாருக்குத் தோன்றும்? ஏழு நிமிடம் தாண்டும் ‘ரைட் ஆன்’ பாட்டில் புல்லாங்குழலும் லத்தீன் தாளமும் நீண்டுகொண்டே போகும். எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அடுத்து வரும் ‘ஹோலி ஹோலி’ நேரே தேவாலயம். அரீதா ஃபிராங்க்ளின் மறு வருஷமே அதைத் தேவாலயத்தில் வைத்துப் பாடினார்.

‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ பாட்டை கேயோடு சேர்ந்து எழுதிய ஜேம்ஸ் நிக்ஸ், மோடவுன் அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கியவர். கே மெட்டை வைத்துக்கொண்டு சொல் கிடைக்காமல் இருந்தபோது நிக்ஸ் செய்தித்தாளில் பார்த்ததிலிருந்து தலைப்பு பிடித்தார். 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் செத்தது இந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தெருக்களில். அதை நேரில் அறிந்தவர் வரி எழுத மேல்மாடி ஆசாமிகளின் அனுமதி தேவைப்படவில்லை. அந்த அலுவலகக் கட்டடத்தைப் பார்க்க முடியாது. 2006இல் இடித்துவிட்டார்கள், குப்பையோடு பழைய மோடவுன் காகிதங்களும் பறந்தன.

வயலின்கள் ஏறியது இந்தப் பாம்புக் குழியில் இல்லை. அத்தனை பேர் உட்கார இடமேது? கோர்டி விலைக்கு வாங்கி ஸ்டூடியோ பி ஆக்கிய கோல்டன் வேர்ல்டில் அந்த வேலை நடந்தது. ஏப்ரலில் டெட்ராய்ட்டிலேயே மிக்சிங்கும் முடிந்தது. கேவுக்குத் திருப்தியில்லை. டேப்புகளைக் கலிபோர்னியாவுக்கு எடுத்துப்போய் மறுபடி கலந்தார். கைவிடப்பட்ட டெட்ராய்ட் மிக்சிங் முப்பது வருஷம் கழித்து, 2001இல் வெளிவந்தது. இரண்டையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பழையதில் தாளம் முன்னால் நிற்கிறது, அறையின் நெருக்கம் தெரிகிறது. வெளிவந்ததில் எல்லாம் மிதக்கிறது. கே சொன்னதுதான் சரி. ஆனாலும் அந்த அறையில் நின்ற பிறகு பழையதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

ரெக்கார்டு உறையின் முன்பக்கத்தை எல்லோருக்கும் தெரியும். வீட்டின் கொல்லையில், மழைத்துளி முடியில் நிற்க, கறுப்பு மழைக்கோட்டில் கே. ஜிம் ஹெண்டின் எடுத்த படம். உறையை விரித்தால் உள்ளே பாட்டு வரிகளோடு வாத்தியக்காரர்களின் பெயர்கள். மோடவுன் ஆல்பத்தில் அப்படி அச்சிட்டது அதுவே முதல் தடவை. அதுவரை இத்தனை ஹிட்களுக்கு வாசித்தும் உறையில் இவர்களுக்கு இடமில்லை. நம்முடைய பழைய சினிமா இசைத்தட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஒப்பில்லாத’ என்று ஓர் அடைமொழியும் போட்டிருக்கிறார்கள்.

மறு வருஷம், 1972இல், மோடவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள், இன்று வேலையில்லை என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். கே அடம்பிடித்து வாங்கிய சுதந்திரத்தை அடுத்து எடுத்துக்கொண்டவர் ஸ்டீவி வொண்டர். ஆல்பம் வந்த அதே மாதம் அவருக்கு இருபத்தொன்று முடிந்தது. என் இஷ்டப்படி செய்வேன் என்று கோர்டியிடம் புது ஒப்பந்தம் பேசி வாங்கினார். பிறகு நியூயார்க்குக்குப் போய் ஓர் அறை நிறைக்கும் சிந்தசைசரோடு உட்கார்ந்து, ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ ஆல்பத்தில் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தார். ஐந்து வருஷம் முன்பு அவருடைய ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்’ பாட்டுக்கு ஜேமர்சன் வாசித்த பேஸ், இன்றும் பேஸ் பழகுகிறவர்கள் விரலொடியப் பழகும் பாடம். புது ஆல்பத்தில் அந்த வேலையை மூக் சிந்தசைசர் செய்தது.